பழைய அச்சுத் தோற்றம் கொண்ட தடித்த, குறுகிய தலைப்பு எழுத்துரு: எதைத் தேர்ந்தெடுப்பது?

சுவரொட்டி, நூலட்டை, பொருளுறை, இணையத்தள முகப்பு என எதற்காக இருந்தாலும், தடித்த, குறுகிய தலைப்பு எழுத்துரு ஒன்றைத் தேடத் தொடங்கி, அதற்குப் “பழைய அச்சில் வந்ததுபோல் இருக்க வேண்டும்” என்ற நிபந்தனையையும் சேர்த்துவிட்டால், திரையில் வரிசைகட்டி நிற்கும் எழுத்துருக்களுக்குக் குறைவே இராது. அவற்றின் மாதிரிப் படங்களைப் பார்த்து மனத்துக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வது எளிது. ஆனால் மாதிரிப் படம் என்பது, எழுத்துருவை விற்பவர் அதற்கு மிகவும் பொருந்தும் சொல்லையும் அளவையும் நிறத்தையும் தேடிப்பிடித்து அமைத்த காட்சி என்பதால், நம் வேலையில் அந்த எழுத்துரு எப்படி நடந்துகொள்ளும் என்பதை அது சொல்வதில்லை. பெயர்களைப் பார்ப்பதற்கு முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நாம் தேடும் பழமை எழுத்தின் உடற்கட்டில் இருக்க வேண்டுமா, அதன் மேற்பரப்பில் இருக்க வேண்டுமா? உடற்கட்டை எழுத்துருவிலிருந்து பெற்றுக்கொண்டு, மேற்பரப்பை வேலையின் இறுதிக் கட்டத்தில் நாமே சேர்ப்பதுதான் பெரும்பாலான வேளைகளில் சரி என்பது என் முடிவு. விதிவிலக்குகள் உண்டு, அவற்றுக்கும் வருவேன்.

உடற்கட்டு என்று எதைச் சொல்கிறேன் என்பதை விளக்க, இந்த வகை எழுத்துகள் ஏன் பிறந்தன என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளம்பரச் சுவரொட்டிகள் பெருகியபோது, தொலைவிலிருந்து படிக்கத்தக்க பெரிய எழுத்துகள் தேவைப்பட்டன. அந்த அளவில் ஈய எழுத்துகளை வார்த்தால் அவை தூக்க முடியாத கனமாக இருந்தன. உலோகம் சீராகக் குளிராததால் முகப்பில் பள்ளமும் விழுந்தது. 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மரத்தைக் குடையும் இயந்திரத்தைக் கொண்டு மர அச்செழுத்துகளைப் பெருமளவில் செய்யத் தொடங்கினார். 1834இல் வில்லியம் லெவன்வொர்த் அதனுடன் பான்டோகிராஃப் கருவியை இணைத்தார். ஒரே மாதிரி வடிவத்தைக் கொண்டு பல அளவுகளில் எழுத்தைக் குடைந்தெடுக்க அது வழிசெய்தது. தாளின் அகலம் மாறாது, ஆனால் வரிதோறும் சொல்லின் நீளம் மாறும் என்பதால், உயரத்தைக் குறைக்காமல் நீண்ட சொல்லை ஒரே வரியில் அடக்கக் குறுகிய எழுத்தும், குட்டைச் சொல்லை வரி முழுக்க நிரப்ப அகன்ற எழுத்தும் அச்சகத்துக்கு வேண்டியிருந்தன. ஆகவே எழுத்தின் குறுகல் இட நெருக்கடியிலிருந்து பிறந்தது. அதன் பக்கக் கோடுகள் வளைவின்றி நேராக நிற்பதும், ‘ஓ’ (O), ‘சி’ (C), ‘ஜி’ (G) போன்ற ஆங்கில வட்ட எழுத்துகள் மூலை மழுங்கிய செவ்வகமாக மாறியதும் அதே காரணத்தால்தான்.

பழமை என்பதும் ஒரே காலம் அன்று. முனைக்கட்டை (கோட்டின் முனையில் நீட்டி நிற்கும் சிறு குறுக்குக்கோடு, செரிஃப்) இல்லாத எழுத்தை 1816இல் நான்காம் வில்லியம் காஸ்லன் வெளியிட்டார். 1832இல் வின்சென்ட் ஃபிகின்ஸ் அவ்வகையைத் தடித்த பேரெழுத்துகளாகக் கொண்டுவந்தார். அமெரிக்கர்கள் ‘காதிக்’ என்று அழைத்த இந்த வகை, மர எழுத்துச் சுவரொட்டிகளிலும் செய்தித்தாள் தலைப்புகளிலும் நிலைத்தது. மாறாக, 1845இல் ராபர்ட் பெஸ்லி வெளியிட்ட கிளாரண்டன் வகையிலிருந்து கிளைத்து, மேலும் கீழும் கனத்த முனைக்கட்டைகளோடு நிற்கும் ‘ஃபிரெஞ்சு கிளாரண்டன்’ சர்க்கஸ் விளம்பரங்களுக்கு உரியது. அதை நினைவூட்டும் பிளேபில் எழுத்துரு 1938இல்தான் வந்தது. 1963இல் ஃபிரெட் லாம்பர்ட் லெட்ராசெட் நிறுவனத்துக்காக வரைந்த காம்பாக்டாவும் குறுகியது, தடித்தது. ஆனால் அது தேய்த்து ஒட்டும் தாளில் பிறந்த எழுத்து. அதன்மேல் மரத்தின் நரம்புக் கோடுகளைப் போட்டால், உற்றுப் பார்ப்பவருக்கு அந்தப் பொய் உடனே தெரியும்.

இனி மேற்பரப்பு. பழைய அச்சின் தோற்றம் என்று நாம் உணர்வது ஒரே ஒரு விளைவு அன்று. மேப்பிள் மரத்தைக் குறுக்கே அறுத்து, நரம்பின் முனை மேலே தெரியும்படி எடுத்த பலகையில் குடைந்த எழுத்து, அடியிலிருந்து முகப்பு வரை, அமெரிக்க அளவில் 0.918 அங்குல உயரம் நிற்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் அச்சில் ஏறி இறங்கியபின் ஒன்று மயிரிழை குட்டையாகிவிடும். அந்த எழுத்தில் மை குறைவாகப் படிந்து வெண்துளிகள் உப்புத் தூவியதுபோல் தெரியும். அழுத்தம் சரியாக இருக்கும் எழுத்திலோ, பலகை தாளில் அழுந்தும்போது மை ஓரத்துக்குப் பிதுங்கி, விளிம்பில் உட்பரப்பைவிடக் கருமையான மெல்லிய வரம்பு கட்டும். கோடுகள் சந்திக்கும் உள்மூலைகளில் மை தேங்கி அவை சற்று நிரம்பும்; வெளிமூலைகள் தேய்ந்து மழுங்கும். இவை போக இடைவெளி இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தும் செவ்வகக் கட்டையில் நிற்பதால், ‘ஏ’யும் ‘வி’யும் அடுத்தடுத்து வந்தால் நடுவில் ஒரு பள்ளம் விழும், சில அச்சகத்தார் கட்டையையே அறுத்து அவற்றை நெருக்கினார்கள், பலர் அப்படியே விட்டார்கள். இன்றைய எழுத்துருவின் துல்லியமான கெர்னிங் (அடுத்தடுத்த எழுத்துகளுக்கு இடையிலான வெளியைச் சரிசெய்தல்), மேலே எத்தனை கீறல் போட்டாலும், இது கணினியில் கோத்தது என்பதைக் காட்டிக்கொடுப்பது இந்த இடத்தில்தான்.

முதல் தெரிவு: தூய வெளிக்கோட்டு எழுத்துருக்கள்

இலவசமாகக் கிடைப்பவற்றில் பலரும் முதலில் தொடுவது பெபாஸ் நியூ. ரியோய்ச்சி சுனேகாவா உருவாக்கி 2010இல் வெளிவந்த இந்த எழுத்துருவில் பேரெழுத்துகள் மட்டுமே உண்டு. சிற்றெழுத்து வேண்டுவோர் பின்னர் வந்த கட்டணப் பதிப்பான பெபாஸ் நியூ ப்ரோவுக்குப் போக வேண்டும். நன்றாக வரையப்பட்ட எழுத்துரு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் கோடுகளின் தடிமன் எங்கும் ஏறத்தாழ ஒன்றே. மூலைகளும் வளைவுகளும் இன்றைய வடிவியல் ஒழுங்கில் நிற்கின்றன. மேலே எவ்வளவு தேய்மானம் சேர்த்தாலும் அது அழுக்குப் படிந்த புதிய எழுத்தாகத்தான் தெரியும். எங்கும் காணக் கிடைப்பதும் அதற்கு எதிரான வாதம்.

வெர்னன் ஆடம்ஸ் உருவாக்கிய ஆன்டன், பழைய விளம்பர எழுத்துகளை அடியொற்றிய ஒரே தடிமன் கொண்ட எழுத்துரு. அதில் ‘ஆர்’ எழுத்தின் காலும் ‘எஸ்’ எழுத்தின் நடுத்தண்டும் கொண்டிருக்கும் கனம் சுவரொட்டிக்கு ஏற்றது. மூன்று நான்கு சொற்களுக்கு அதைவிடத் திடமான இலவச எழுத்துருவைத் தேடிப்பிடிப்பது கடினம். அவரே 2011இல் கொண்டுவந்த ஆஸ்வால்ட், திரைக்காக மறுவரைவு செய்த காதிக் வகை. பல தடிமன்களில் கிடைக்கிறது, சிற்றெழுத்தும் நன்றாகப் படிக்க வருகிறது. அது அவ்வளவாகக் குறுகியதன்று, அவ்வளவாகப் பழையதுமன்று. துணைத் தலைப்புக்கு வைத்துக்கொள்ளலாம். 1965இல் ஜெஃப்ரி லீ வரைந்த இம்பாக்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இணையத்து நகைச்சுவைப் படங்களோடு அது ஒட்டிக்கொண்டுவிட்டதால், தலைப்பைப் பார்ப்பவர் முதலில் சிரிக்கத்தான் ஆயத்தமாவார்.

இரண்டாவது தெரிவு: பழைய வார்ப்புகளின் மீட்டுருக்கள்

அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய மோரிஸ் ஃபுல்லர் பென்டன் 1903இல் வரைந்த ஆல்டர்னேட் காதிக், மூன்று அகலங்களில் வெளிவந்தது. அவற்றுள் மிகக் குறுகியதான ‘எண் 1’ வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு 2009இல் ‘தி லீக் ஆஃப் மூவபிள் டைப்’ வெளியிட்டதே லீக் காதிக்; திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. பெபாஸ் நியூவையும் இதையும் ஒரே சொல்லில், ஒரே உயரத்தில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். லீக் காதிக்கில் வளைவுகள் தண்டோடு சேரும் இடத்தில் கோடு மெல்லியதாகிறது. ‘எஸ்’ மேலே சிறுத்துக் கீழே அகன்று நிற்கிறது. சிற்றெழுத்தின் உயரம் பேரெழுத்துக்கு மிக அருகில் வருவதால் சொல் ஒரே கட்டையாகத் திரள்கிறது. இவையெல்லாம் கீறலோ கறையோ இன்றியே கண்ணுக்குப் பழக்கமான பழைய நாளிதழின் தொனியைத் தருபவை. வெறும் கறுப்பு நிறத்தில், மங்கலான தாளில் அச்சிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

செலவு செய்யத் தயங்காதவருக்கு நாக்அவுட் இருக்கிறது. அமெரிக்க மர எழுத்துகளின் மரபிலிருந்து ஜானதன் ஹோஃப்லர் உருவாக்கிய இந்தக் குடும்பத்தில் அகலங்களுக்குக் குத்துச்சண்டை எடைப் பிரிவுகளின் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. மிகக் குறுகியது ஃப்ளைவெயிட், மிக அகன்றது சூமோ. இதன் பெருமை எந்த ஒரு பாணியிலும் இல்லை. ஒரு வரிக்கு ஒன்று, அடுத்த வரிக்கு இன்னொன்று என்று எடுத்து, ஐந்து வரிகளையும் ஒரே அகலத்துக்கு நிரப்பும்போதுதான், தாளின் அகலத்துக்கு எழுத்தைத் தேடிய அன்றைய அச்சகத்தின் முறையே நம் கைக்கு வருகிறது. இதே பயனை இப்போது அகலத்தை வேண்டியபடி கூட்டிக் குறைக்கத்தக்க மாறுநிலை (வேரியபிள்) எழுத்துருக்களிலிருந்தும் ஓரளவு பெறலாம். செய்யவே கூடாதது, சாதாரண எழுத்துருவைப் பிடித்துப் பக்கவாட்டில் நசுக்குவது. அப்போது நிற்கும் கோடுகள் மட்டும் மெலிந்து, படுக்கும் கோடுகள் பழைய தடிமனிலேயே இருந்துவிடும். தலைகீழான அந்தக் கனம் தொலைவிலிருந்தே உறுத்தும்.

மூன்றாவது தெரிவு: தேய்மானம் உள்ளடங்கிய எழுத்துருக்கள்

கீறலும் மைப் புள்ளியும் எழுத்தின் வெளிக்கோட்டிலேயே பதிந்து வரும் எழுத்துருக்கள்தான் தேடுபவரின் கண்ணில் முதலில் விழுகின்றன. தட்டச்சு செய்தவுடன் விளைவு வந்துவிடுவது அவற்றின் கவர்ச்சி. குறைகளோ மெதுவாகத்தான் வெளிப்படும்.

‘ஓ’ இரண்டு முறை வரும் ஒரு சொல்லை அத்தகைய எழுத்துருவில் அமைத்துப் பாருங்கள். முதல் ‘ஓ’வின் இடத்தோளில் பிறை வடிவில் ஒரு வெண்கீறல், கீழே வலப்பக்கம் மூன்று புள்ளிகள். இரண்டாவது ‘ஓ’விலும் அதே தோளில் அதே பிறை, அதே மூன்று புள்ளிகள். உண்மையான அச்சில் இது நேரவே முடியாது, ஏனென்றால் அவை இரண்டும் வெவ்வேறு கட்டைகள். இதை அறிந்த எழுத்துரு வடிவமைப்பாளர்கள் ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு மூன்று மாற்று வடிவங்களைச் சேர்த்து, அருகில் வரும் எழுத்தைப் பார்த்து அவை தானாக மாறும்படி ஓப்பன்டைப் எனும் எழுத்துருக் கோப்பு வடிவின் விதிகளை எழுதுகிறார்கள். மாற்று வடிவங்கள் இருக்கின்றனவா என்பது இந்த வகையில் எதையும் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி. நாம் பயன்படுத்தும் செயலி அந்த விதிகளை மதிக்கிறதா என்பது அதை ஒட்டியே கேட்க வேண்டியது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பேச்சு அதிகம் எழுவதில்லை. மையின் துளிக்கும் மரத்தின் நரம்புக்கும் தாளின் சொரசொரப்புக்கும் சொந்த அளவு உண்டு. ஒரு சுவரொட்டியில் கையகல எழுத்தும் விரலகல எழுத்தும் இருந்தால், இரண்டிலும் தெரியும் வெண்துளியின் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். எழுத்துருவிலோ, எழுத்தைப் பெரிதாக்கினால் துளியும் சேர்ந்து பெரிதாகும். ஒரே எழுத்துருவை மூன்று அளவுகளில் பயன்படுத்திய பக்கத்தில், பெரிய வரியில் கூழாங்கல் அளவுத் துளைகளும், சிறிய வரியில் கண்ணுக்குத் தெரியாத தூசும் இருக்கும். இந்த ஒன்றுக்காகவே, இரண்டுக்கு மேற்பட்ட அளவுகள் வரும் எந்த வேலைக்கும் இந்த வகையை நான் ஒதுக்கிவிடுவேன்.

தொழில்நுட்பச் சிக்கல்களும் உண்டு. தூய எழுத்தின் வெளிக்கோட்டைச் சில முனைப்புள்ளிகளில் வரைந்துவிடலாம். தேய்மானம் சேர்ந்த எழுத்துக்கு அவை நூற்றுக்கணக்கில் தேவை. இணையத்தில் கோப்பின் அளவு ஊதும். வினைல் வெட்டும் இயந்திரம் ஒவ்வொரு துளியையும் தனித்தனியே வெட்ட முயன்று திணறும். திரை அச்சில் நுண்துளிகள் பாதி அடைபட்டு, பாதி திறந்து, யாரும் திட்டமிடாத கறையாக முடியும். போதாக்குறைக்கு, சாதாரண எழுத்துருவின் வெளிக்கோட்டுக்கு உள்ளே இருப்பது முழுக் கறுப்பு, வெளியே இருப்பது வெறுமை. மை மெல்லியதாகப் படிந்த இடத்தின் சாம்பல் நிறமோ, விளிம்பில் கட்டிய கருவரம்போ அதில் அடங்காது. பழைய அச்சின் மிக அழகான கூறு எதுவோ, அதுவே இங்கு விடுபட்டுப்போகிறது.

அப்படியானால் இந்த வகைக்கு இடமே இல்லையா? இருக்கிறது. வடிவமைப்பில் பழக்கமில்லாத பலர் தாங்களே சொற்களை மாற்றிக்கொள்ளும்படி தரப்படும் வார்ப்புருக்களில், ஒவ்வொரு முறையும் மேற்பரப்பைக் கையால் சேர்க்கச் சொல்ல முடியாது. நாள்தோறும் மாறும் காணொளித் தலைப்புகளும் அப்படியே. எழுத்து மீண்டும் வராத ஒற்றைச் சொல், ஒரே அளவு என்றால் எந்தக் குறையும் வெளியே தெரியாது. இத்தகைய வேலைகளுக்கு, தூய வடிவமும் தேய்ந்த வடிவமும் ஒரே குடும்பத்தில் ஒரே அளவுகோலில் வரும் எழுத்துருவைத் தேர்வது நல்லது. வெட்டும் இயந்திரத்துக்குப் போகும் நாளில் வரி அமைப்பு குலையாமல் தூய வடிவத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

உண்மையான மர எழுத்தில் அச்சிட்டு, அதை உயர் தெளிவில் ஸ்கேன் செய்து பயன்படுத்துவதும் ஒரு தெரிவுதான். மையின் அடர்த்தி வேறுபாடு முழுவதும் கிடைக்கும், அதற்கு ஈடில்லை. ஆனால் தலைப்பில் ஒரு சொல் மாறினால் மறுபடி அச்சேற வேண்டும். அச்சகத்தின் பெட்டியில் ‘ஈ’ எழுத்துகள் போதாமல் போனால் தலைப்பே மாற வேண்டியிருக்கும். மாறாத ஒரு நூலட்டைக்கோ சின்னத்துக்கோ மட்டும் பொருந்தும்.

மேற்பரப்பை நாமே சேர்க்கும் முறை

லீக் காதிக்கையோ ஆன்டனையோ கொண்டு சொல்லை அமைத்தபின், முதலில் கெர்னிங்கை அணைத்துவிட்டு, எழுத்து இடைவெளியைச் சற்றே தளர்த்தி, கண்ணை உறுத்தும் பள்ளங்களை மட்டும் கையால் சரிசெய்வேன். பிறகு அதை இறுதி அளவைவிடப் பெரிதான பிட்மேப் (புள்ளிகளால் ஆன) படமாக மாற்றி, மிகச் சிறிய மங்கலைக் கொடுத்து, உடனே த்ரெஷோல்ட் கட்டளையால் மீண்டும் கறுப்பு வெள்ளையாக்க வேண்டும். இந்த இரண்டு படிகளும் சேர்ந்து வெளிமூலைகளை மழுக்கி உள்மூலைகளை நிரப்புகின்றன. மை தாளில் செய்வதும் இதைத்தான். அதன்பின், உண்மையில் மை உருட்டிய ஒரு பரப்பை ஸ்கேன் செய்து, அதை முகமூடியாக (மாஸ்க்: கீழே உள்ளதன் சில பகுதிகளை மறைக்கும் படலம்) முழுப் பக்கத்தின்மீதும் ஒரே அளவில் போட வேண்டும். எழுத்துக்கு எழுத்து போடக் கூடாது. ஒரே பரப்பு எல்லா வரிகளையும் மூடுவதால், துளியின் அளவு பக்கம் முழுவதும் ஒன்றாக இருக்கும். எந்த இரண்டு எழுத்தும் ஒன்றுபோல் தேயாது. தேய்மானத்தைக் குறைவாக வைப்பதே என் வழக்கம், ஏனெனில் நல்ல அச்சகத்தார் சீரான கறுப்பைத்தான் குறிவைத்து உழைத்தார்கள்.

இணையத்தில் எழுத்து எழுத்தாகவே இருக்க வேண்டும், தேடலில் அகப்பட வேண்டும் என்றால், தூய எழுத்துருவின்மேல், இணையப் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் மொழியின் முகமூடியாக ஒரு பரப்புப் படத்தைப் போடலாம். மூலை மழுங்கல் கிடைக்காது, மற்றதெல்லாம் கிடைக்கும்.

உரிமத்தைப் பொறுத்தவரை, லீக் காதிக், பெபாஸ் நியூ, ஆன்டன், ஆஸ்வால்ட் ஆகியவை எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருகின்றன. வணிக வேலைகளுக்குத் தடையில்லை, எழுத்துருக் கோப்பைத் தனியே விற்பதுதான் கூடாது. கட்டண எழுத்துருக்களில் கணினி, இணையம், செயலி ஆகியவற்றுக்குத் தனித்தனி உரிமங்கள் இருப்பது வழக்கம். தேய்மான எழுத்துருக்களில் இலவசம் என்று கிடைப்பவை பலவும் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே அனுமதிப்பவை. எண்களும் நிறுத்தற்குறிகளும் முழுமையாக இருக்கின்றனவா என்பதையும் அவற்றில் சோதித்தே எடுக்க வேண்டும்.

தலைப்பில் தமிழும் வர வேண்டுமானால் கணக்கு சற்று மாறும். மேலே சொன்ன எவற்றிலும் தமிழ் எழுத்துகள் இல்லை. ஏக் டைப் நிறுவனம் 2022இல் வெளியிட்ட அனேக் தமிழ், தடிமனோடு அகலத்தையும் மாற்றத்தக்க திறந்த எழுத்துரு. அதன் மிகக் குறுகிய, மிகத் தடித்த முனைதான் இந்த வேலைக்கு அருகில் வருகிறது. ஆனாலும் லத்தீன் (ஆங்கில) எழுத்தளவுக்குத் தமிழ் குறுகாது. ‘ண’, ‘ஞ’, ‘ணூ’ போன்றவற்றில் சுழிகளும் தண்டுகளும் பக்கவாட்டில் அடுக்கி நிற்பதால், நெருக்கினால் உள்வெளிகள்தான் முதலில் அடைபடும். ஆகவே தமிழ் வரியை லத்தீன் வரியின் உயரத்துக்கு இழுக்க முயலாமல், அகலத்தைச் சமன்செய்து உயரத்தை அதன் போக்கில் விடுவது மேல்; பழைய சுவரொட்டி வரிகளின் முறையும் அதுவே. மங்கல் அளவையும் பாதியாகக் குறைக்க வேண்டியிருக்கும், இல்லையேல் சுழிகள் மூடிக்கொள்ளும்.

தேய்மானத்தில் தனியே கவனிக்க வேண்டியது புள்ளி. முகமூடியின் வெண்துளி ஒன்று ‘க்’கின் புள்ளிமேல் விழுந்தால் அது ‘க’ ஆகிவிடும். எழுத்துக்கு மேலே சிதறிய மைத்துளி ஒன்று சரியான இடத்தில் நின்றால் ‘ப’ ‘ப்’பாகப் படிக்கப்படும். லத்தீன் எழுத்தில் ‘ஐ’யின் தலைப்புள்ளி அழிந்தாலும் சொல் தப்பிவிடும், தமிழில் தப்பாது. எனவே முகமூடியைப் போட்டபின், வரியில் உள்ள புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, அவற்றின்மீது விழுந்த துளிகளைத் துடைத்து, மேல்வெளியில் சிதறல் ஏதும் இருந்தால் அதையும் நீக்கிய பிறகே கோப்பை அச்சுக்கு அனுப்ப வேண்டும்.